மேசைக் கணினியில் ஹாஸ்கெல் நிரல்பெயர்ப்பியை நிறுவும் முறை

தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலின் முதல் பாடம் செயற்கூறு. ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடையைத் தருவதும், தனக்கு வெளியே உள்ள எதையும் மாற்றாமல் இருப்பதுமே தூய செயற்கூறு என்று அந்தப் பாடம் விளக்குகிறது. பின்னர் நூல் பைத்தானுக்குச் சென்றுவிடுவதால், அந்த முதல் பாடத்தின் கருத்தையே அடித்தளமாகக் கொண்ட மொழிகள் இருக்கின்றன என்பது பல மாணவர்களுக்குத் தெரியாமலே போகிறது. அவற்றுள் ஒன்று ஹாஸ்கெல். 1987 இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் கூடிய ஆய்வாளர்கள், சிதறிக் கிடந்த செயற்கூறுவழி மொழிகளுக்குப் பொதுவான ஒன்றை வகுக்கக் குழு அமைத்தனர். அதன் முதல் வரையறை 1990 இல் வெளிவந்தது. ஹாஸ்கெல் கரி என்ற தருக்கவியல் அறிஞரின் பெயரையே மொழிக்குச் சூட்டினார்கள்.

சென்னையில் இருப்பவர்களுக்கு இந்த மொழி தொலைவில் உள்ள ஒன்று அன்று. சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் கழகத்தில் இதைப் பாடமாகவே கற்பிக்கிறார்கள். அங்குள்ள பேராசிரியர்கள் மாதவன் முகுந்தும் எஸ். பி. சுரேஷும் நடத்திய ஹாஸ்கெல் வகுப்புகள் என்பிடெல் என்ற இணையவழிப் பாடத் தளத்தின் வழியாக யாரும் இலவசமாகப் பார்க்கக்கூடிய காணொலிகளாகக் கிடைக்கின்றன. காணொலியைப் பார்ப்பவர் உடனே தம் கணினியில் செய்து பார்த்தால்தான் பாடம் மனத்தில் தங்கும். அதற்கு வீட்டுக் கணினியில் நிரல்பெயர்ப்பி, அதாவது நாம் எழுதும் நிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றும் கம்பைலர், பழுதின்றி நிறுவப்பட்டிருக்க வேண்டும். அந்த வேலைக்கு மட்டுமே இந்த வழிகாட்டி.

நாம் நிறுவப்போவது ஜிஎச்சி எனப்படும் கிளாஸ்கோ ஹாஸ்கெல் கம்பைலர். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியதால் அந்தப் பெயர். இந்த நிரல்பெயர்ப்பியின் பெரும்பகுதி ஹாஸ்கெல் மொழியிலேயே எழுதப்பட்டிருப்பதால், மூல நிரலிலிருந்து அதைக் கட்டுவதற்கு ஏற்கெனவே ஒரு ஜிஎச்சி தேவைப்படும். எனவே மூல நிரலைப் பதிவிறக்கிக் கட்டும் முயற்சியில் புதியவர்கள் இறங்க வேண்டாம். முன்கூட்டியே கட்டித் தரப்படும் வடிவமே போதுமானது.

ஒரே வழியில் நிறுவுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், அது இதுவாக இருக்கட்டும்: ஒரு கணினியில் ஹாஸ்கெல்லை ஒரே வழியில்தான் நிறுவ வேண்டும். லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டுவின் ஏபிடி என்னும் மென்பொருள் களஞ்சியம் ஒரு வழி, ஸ்டாக் என்னும் கருவி இன்னொரு வழி, ஜிஎச்சிஅப் என்னும் நிறுவி மூன்றாவது வழி. தனித்தனியே பார்த்தால் மூன்றும் நல்லவையே. ஒன்றில் பிழைச்செய்தி வந்ததும் அதை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததை முயல்கிறோமே, அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

தாம்பரத்தில் இருக்கும் உறவுக்காரப் பையன் ஒருவன், ரிச்சி தெருவில் வாங்கிய பழைய மேசைக் கணினியில் முதலில் ஏபிடி வழியாகவும், ஒரு வாரம் கழித்து வேறொரு காணொலியைப் பார்த்து ஜிஎச்சிஅப் வழியாகவும் நிறுவியிருந்தான். ஒரு நிரல்பெயர்ப்பிக்காக நிறுவிய தொகுப்பை, அதாவது பிறர் எழுதிய நூலக நிரலை, இன்னொரு நிரல்பெயர்ப்பி தேடிக்கொண்டிருந்தது. தொகுதியைக் காணவில்லை என்ற செய்தியே திரும்பத் திரும்ப வந்தது. தனக்கு ஹாஸ்கெல் புரியவில்லை என்றே அவன் முடிவுகட்டிவிட்டான். உண்மையில் அவன் எழுதிய நிரலில் எந்தப் பிழையும் இல்லை. காரணத்தைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு மாலைகள் ஆயின. கற்க வந்த ஒருவரை நிறுவும் வேலையே விரட்டிவிடக் கூடாது என்ற ஆதங்கத்தால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

மூன்றில் ஜிஎச்சிஅப்பை நான் பரிந்துரைப்பதற்குக் காரணம் உண்டு. ஏபிடி களஞ்சியத்தில் இருக்கும் பதிப்பு பெரும்பாலும் பழையதாக இருக்கும். எடுத்துக்காட்டாக, உபுண்டு 22.04 இல் அவ்வழியே கிடைப்பது 2020 இல் வெளிவந்த 8.8.4 பதிப்பு. ஜிஎச்சிஅப்பில் நிரல்பெயர்ப்பியும் அதற்கு வேண்டிய துணைக் கருவிகளும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. பல பதிப்புகளை அருகருகே வைத்துக்கொண்டு வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம். லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் முறை ஏறத்தாழ ஒன்றே.

தொடங்கும் முன்

கணினி 64 பிட் ஆக இருக்க வேண்டும். நினைவகம் 4 ஜிபி இருந்தால் நிரல்பெயர்ப்பியை இயக்கிப் பாடங்களைச் செய்யலாம். எழுதும்போதே பிழையைச் சுட்டிக்காட்டும் துணைக் கருவியும் வேண்டும் என்றால் 8 ஜிபி இருப்பது நல்லது. வட்டில் 10 ஜிபி இடத்தைக் காலியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஜிஎச்சி பதிப்பு மட்டுமே விரிந்தபின் ஓரிரு ஜிபி இடத்தை எடுத்துக்கொள்ளும். தொகுப்புகள் சேரச் சேர இது வளரும்.

பதிவிறக்கமும் பல நூறு எம்பி வரை ஆகும் என்பதால், கைப்பேசியின் நாளொன்றுக்கு 1.5 ஜிபி திட்டத்தைப் பகிர்ந்து பயன்படுத்துவோர் மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு இதைச் செய்வது பாதுகாப்பு. பராமரிப்புக்காக மின்தடை அறிவிக்கப்பட்டிருக்கும் நாளைத் தவிர்த்துவிடுங்கள். யுபிஎஸ் இல்லாத மேசைக் கணினி பாதியில் அணைந்தால் கோப்புகள் குறையாக நின்றுவிடும். அப்படி ஆகிவிட்டாலும் அஞ்ச வேண்டியதில்லை. ஜிஎச்சிஅப் தான் பதிவிறக்கிய கோப்பு முழுமையாக இருக்கிறதா என்று சரிபார்த்த பிறகே அதை விரிக்கும். சரிபார்ப்பு தோற்றுப்போனதாகச் செய்தி வந்தால், முகப்புக் கோப்புறையில் மறைந்திருக்கும் ஜிஎச்சிஅப் கோப்புறைக்குள் கேஷ் என்ற பெயரில் உள்ளவற்றை நீக்கிவிட்டு மறுபடியும் தொடங்குங்கள்.

கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்துத் தந்திருக்கிறேன். முனையத்தில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சிடும் டெர்மினல் சாளரத்தில், அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டச்சிட வேண்டும். ஜிஎச்சி என்று வருமிடத்தில் ஜி, எச், சி என்ற மூன்று எழுத்துகள். ஜிஎச்சிஅப் என்று வருமிடத்தில் அவற்றோடு யு, பி என்ற இரண்டும் சேர்ந்து இடைவெளியின்றி ஐந்து எழுத்துகள்.

உபுண்டுவில் நிறுவுதல்

முனையத்தைத் திறந்து, ஏற்கெனவே ஏதேனும் ஜிஎச்சி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ‘விச்’ என்ற கட்டளைக்குப் பின் இடைவெளி விட்டு, ஒரு சிறுகோட்டோடு ஏ என்ற எழுத்தை இட்டு, மீண்டும் இடைவெளி விட்டு ஜிஎச்சி என்று எழுதினால், கணினியில் அந்தப் பெயரில் உள்ள எல்லா இடங்களும் வரிசையாகத் தெரியும். எதுவும் தெரியவில்லை என்றால் நல்லது. யுஎஸ்ஆர் கோப்புறைக்குள் ஒன்று தெரிந்தால் அது பெரும்பாலும் ஏபிடி வழியே வந்தது. ‘சூடோ ஏபிடி ரிமூவ் ஜிஎச்சி’ என்று கொடுத்து அதை நீக்கிய பிறகே மேலே செல்லுங்கள்.

அடுத்து, ‘சூடோ ஏபிடி அப்டேட்’ என்று கொடுத்துக் களஞ்சியப் பட்டியலைப் புதுப்பியுங்கள். பிறகு ‘சூடோ ஏபிடி இன்ஸ்டால்’ என்பதற்குப் பின், பில்டு-எசென்ஷியல், கர்ல், பிகேஜி-கான்ஃபிக், லிப்ஜிஎம்பி-டெவ், லிப்எஃப்எஃப்ஐ-டெவ், லிப்என்கர்சஸ்-டெவ் ஆகிய பெயர்களை ஒவ்வொன்றுக்கும் இடையே இடைவெளி விட்டு எழுதி நிறுவுங்கள். இந்தப் படியைத் தாண்டிச் செல்பவர்கள் பலர். அவர்களுக்கு ஜிஎச்சி நிறுவப்பட்டுவிடும். ஆனால் முதல் நிரலைக் கட்டும்போது, எல் என்ற எழுத்தை முன்னொட்டாகக் கொண்ட ‘ஜிஎம்பி’ என்பதைக் காணவில்லை என்று நிரலையும் நூலகங்களையும் சேர்த்துக் கட்டும் இணைப்பி சொல்லும். ஜிஎம்பி என்பது எத்தனை இலக்கம் கொண்ட முழு எண்ணையும் துல்லியமாகக் கணக்கிடும் நூலகம். 1 முதல் 100 வரையுள்ள எண்களின் பெருக்கற்பலனை ஹாஸ்கெல்லில் கேட்டால் 158 இலக்கங்களும் பிசகாமல் வருவது அதன் துணையால்தான்.

இனி ஜிஎச்சிஅப். அதற்குரிய நீண்ட கட்டளை ஹாஸ்கெல் டாட் ஆர்க் தளத்தின் ஜிஎச்சிஅப் பக்கத்தில் இருக்கிறது. அதைக் கையால் தட்டச்சிடாமல், அந்தப் பக்கத்திலிருந்தே நகலெடுத்து முனையத்தில் ஒட்டுங்கள். வாட்ஸாப்பில் யாரோ அனுப்பியதை ஒட்ட வேண்டாம். இணையத்திலிருந்து ஒரு நிரலைக் கொண்டுவந்து நேரே இயக்கும் கட்டளை என்பதால், அது எங்கிருந்து வருகிறது என்பது உங்களுக்கு ஐயமறத் தெரிந்திருக்க வேண்டும். இதற்கு நிர்வாகி உரிமை தரும் சூடோ தேவையில்லை. எல்லாம் உங்கள் முகப்புக் கோப்புறைக்குள்ளேயே நிறுவப்படும்.

கட்டளை ஓடத் தொடங்கியதும் சில கேள்விகள் வரும். விசையை அழுத்திக்கொண்டே போகாமல் ஒவ்வொன்றையும் படியுங்கள். முனையம் படிக்கும் பாஷ் அமைப்புக் கோப்பில் பாதையை, அதாவது ஜிஎச்சி இருக்கும் கோப்புறையின் முகவரியை, சேர்க்கலாமா என்ற கேள்விக்கு, முன்னால் சேர்க்கும்படி, ‘ப்ரிபென்ட்’ என்பதன் முதலெழுத்தான பி என்ற எழுத்தைக் கொடுங்கள். இதை மறுத்துவிட்டால், நிறுவல் முழுதாக முடிந்த பிறகும் முனையம் ஜிஎச்சி என்ற கட்டளையே இல்லை என்று சொல்லும். எச்எல்எஸ் எனப்படும் மொழிச் சேவையகம், அதாவது முன்பு சொன்ன பிழை சுட்டும் துணைக் கருவி, வேண்டுமா என்ற கேள்விக்கு, நினைவகம் 8 ஜிபி இருந்தால் ஆம் என்றும், குறைவாக இருந்தால் இப்போதைக்கு இல்லை என்றும் சொல்லலாம். அதைப் பின்னர் சேர்த்துக்கொள்ள முடியும். ஸ்டாக் தொடர்பான கேள்வி வந்தால் முன்னிருப்பாகத் தரப்பட்ட விடையை ஏற்றுக்கொள்ளுங்கள்.

பதிவிறக்கம் முடிந்ததும் முனையத்தை மூடிவிட்டு மறுபடியும் திறக்க வேண்டும். புதிய பாதை அப்போதுதான் நடைமுறைக்கு வரும். ‘ஜிஎச்சி’ என்பதற்குப் பின் இடைவெளி விட்டு, இரண்டு சிறுகோடுகளோடு ‘வெர்ஷன்’ என்று கொடுங்கள். பதிப்பு எண் தெரிந்தால் நிறுவல் வெற்றி. முன்பு செய்த ‘விச்’ சோதனையை இன்னொரு முறை செய்து, ஜிஎச்சிஅப் கோப்புறைக்குள் இருக்கும் ஜிஎச்சி ஒன்று மட்டுமே தெரிகிறது என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

‘ஜிஎச்சிஅப் டியுஐ’ என்று கொடுத்தால் முனையத்திலேயே ஒரு பட்டியல் விரியும். எந்தெந்தப் பதிப்புகள் கிடைக்கின்றன, எது நிறுவப்பட்டிருக்கிறது, எது நடப்பில் இருக்கிறது என்பவை அதில் குறிகளோடு தெரியும். ஐ என்ற எழுத்து நிறுவும், எஸ் நடப்புப் பதிப்பாக அமைக்கும், யு நீக்கும். அங்கே ‘லேட்டஸ்ட்’ என்றும் ‘ரெகமண்டட்’ என்றும் இருவேறு அடையாளங்களைக் காண்பீர்கள். புதியது எதுவோ அதுவே சிறந்தது என்ற எண்ணத்தில் முதலாவதைத் தேர்ந்தெடுப்பது இயல்புதான். இருந்தாலும் பரிந்துரைக்கப்பட்ட பதிப்பிலேயே நில்லுங்கள். நிரல்பெயர்ப்பியின் புதிய பதிப்பு வந்தபின், அதற்கு ஏற்ப நூலகங்களும் மொழிச் சேவையகமும் மாற்றியமைக்கப்படச் சில மாதங்கள் ஆகும். அந்த இடைவெளியில் சிக்கிக்கொள்பவர், பிழை தம்முடையதா கருவியுடையதா என்று தெரியாமல் திண்டாட நேரும்.

விண்டோஸில் நிறுவுதல்

விண்டோஸிலும் அதே பக்கத்தில் பவர்ஷெல் என்ற கட்டளைச் சாளரத்துக்கான கட்டளை தனியாகத் தரப்பட்டிருக்கிறது. பவர்ஷெல்லை நிர்வாகியாகத் திறக்காமல் சாதாரணப் பயனராகவே திறந்து அதை ஒட்டுங்கள். நிறுவும் இடமாகச் சி வட்டின் வேரில் உள்ள ஜிஎச்சிஅப் கோப்புறையை அது பரிந்துரைக்கும். அதை மாற்றாதீர்கள். பெயரில் இடைவெளியோ தமிழ் எழுத்தோ உள்ள கோப்புறைகள் சில கருவிகளைத் தடுமாறச் செய்யும். எம்சிஸ் 2 என்ற துணைச் சூழலையும் நிறுவலாமா என்று கேட்கும்போது இசைவு தெரிவியுங்கள். இதற்கு உபுண்டுவைவிடக் கூடுதல் நேரம் ஆகும். வைரஸ் தடுப்பு மென்பொருள் ஒவ்வொரு கோப்பையும் சோதிப்பதும் அதற்கு ஒரு காரணம். திரை நெடுநேரம் அசையாமல் நின்றாலும் சாளரத்தை மூடிவிடாமல் காத்திருக்க வேண்டும்.

தமிழைக் கொண்டு சோதித்தல்

நிறுவல் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஆங்கிலத்தில் ஒரு வாழ்த்தை அச்சிடுவதே வழக்கம். நான் தமிழில் அச்சிடச் சொல்வேன். நிரல்பெயர்ப்பி, இயங்குதளத்தின் எழுத்துக் குறியாக்கம், முனையம் ஆகிய மூன்றும் ஒத்துழைக்கின்றனவா என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடும்.

‘ஜிஎச்சிஐ’ என்று கொடுத்தால் ஊடாடு சூழல் திறக்கும். அங்கே ‘புட்ஸ்ட்ரிங்லைன்’ என்று விரியும் செயற்கூற்றின் பெயரைச் சுருக்கமாக எழுத வேண்டும்: பி, யு, டி ஆகியவை சிற்றெழுத்து, எஸ் பேரெழுத்து, டி, ஆர் சிற்றெழுத்து, எல் பேரெழுத்து, இறுதியில் என் சிற்றெழுத்து. அதன்பின் இடைவெளி விட்டு, இரட்டை மேற்கோளுக்குள் தமிழ் என்ற சொல்லைத் தட்டச்சிட்டு உள்ளிடுங்கள். திரையில் தமிழ் என்றே தெரிய வேண்டும். மேற்கோள் குறி நேரானதாக இருப்பது முக்கியம். செய்திச் செயலியிலிருந்தோ வேர்ட் ஆவணத்திலிருந்தோ நகலெடுத்தால் அது வளைந்த மேற்கோளாக மாறியிருக்கும். நிரல்பெயர்ப்பி அதை ஏற்காது.

அடுத்து, அச்சிடும் செயற்கூறு எதையும் எழுதாமல் மேற்கோளுக்குள் அதே சொல்லை மட்டும் உள்ளிட்டுப் பாருங்கள். இப்போது சொல்லுக்குப் பதிலாகப் பின்சாய்கோடுகளோடு 2980, 2990, 3007, 2996, 3021 என்ற எண்கள் வரும். இதைக் கண்டு நிறுவலில் கோளாறு என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். கோளாறு எதுவும் இல்லை. ஒரு மதிப்பை நிரலில் எழுதத்தக்க வடிவில் காட்டும்போது, அடிப்படை ஆங்கில எழுத்துத் தொகுதிக்கு வெளியே உள்ள எழுத்துகளை அவற்றின் யூனிகோட் எண்களாக ஹாஸ்கெல் காட்டும். அந்த ஐந்து எண்களும் முறையே த, ம, இகரக் குறி, ழ, புள்ளி ஆகியவை. சொல்லின் நீளத்தைக் கேட்டால் ஐந்து என்று விடை வருவதும் இதனாலேயே. நமக்குத் தமிழ் மூன்றெழுத்துச் சொல். கணினி எண்ணுவதோ குறியீடுகளை.

தமிழ் எழுத்தை அச்சிடவே முடியாது என்ற பொருளில் பிழை வந்தால் குறியாக்கத்தைச் சரிசெய்ய வேண்டும். உபுண்டுவில் ‘லொகேல் சார்மேப்’ என்ற கட்டளைக்கு யுடிஎஃப்-8 என்ற விடை கிடைக்க வேண்டும். விண்டோஸில் முனையத்தைத் திறந்தவுடன் ‘சிஎச்சிபி’ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளுக்குப் பின் 65001 என்ற எண்ணைக் கொடுத்து, அதன் பிறகு ஜிஎச்சிஐயைத் தொடங்குங்கள். பிழை எதுவும் வராமல், கொம்பும் காலும் மட்டும் இடம்மாறித் தெரிந்தால் அது முனையம் எழுத்தைக் கோக்கும் முறையில் உள்ள குறை. உபுண்டுவில் நிரலின் வெளியீட்டை ஒரு கோப்புக்குத் திருப்பி உரைத்தொகுப்பியில் திறந்தால் எழுத்துகள் ஒழுங்காகத் தெரியும்.

நிரலுக்குள் வைக்கும் பெயர்களையும் தமிழிலேயே எழுத முடியாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல். ஹாஸ்கெல்லில் தரவு வகைகளின் பெயர் பேரெழுத்தில்தான் தொடங்க வேண்டும். தமிழில் பேரெழுத்து, சிற்றெழுத்து என்ற வேறுபாடே கிடையாது. ஆகவே பெயர்களை ஆங்கில எழுத்துகளில் வைத்து, மேற்கோளுக்குள் வரும் உரையையும் விளக்கக் குறிப்புகளையும் தமிழில் எழுதுவதே நடைமுறைக்கு ஒத்துவருகிறது.

முதல் நிரலாக நான் செய்யச் சொல்வது உயிர்மெய் எழுத்துகளின் பட்டியல். 18 மெய்களுக்குரிய அகர எழுத்துகளை ஒரு பட்டியலாகவும், 12 உயிர்களுக்குரிய குறிகளை இன்னொரு பட்டியலாகவும் எழுதுங்கள். அகரத்துக்குக் குறி இல்லையாதலால் அந்த இடத்தில் வெற்று உரையை இடுங்கள். முதல் பட்டியலின் ஒவ்வோர் உறுப்போடும் இரண்டாவதன் ஒவ்வோர் உறுப்பையும் சேர்க்கும்படி ஒரே வரியில் பட்டியல் விரிவாக்கம் எழுதினால் 216 எழுத்துகளும் கிடைக்கும். சுழற்சிக் கட்டளை எதுவும் இல்லாமல், இலக்கணம் சொல்கிற வடிவிலேயே நிரல் அமைவதை அங்கே காண்பீர்கள். இதை எச், எஸ் என்ற பின்னொட்டுள்ள கோப்பில் சேமித்து, ‘ஜிஎச்சி’ என்பதற்குப் பின் கோப்பின் பெயரைக் கொடுத்தால் இயக்கத்தக்க கோப்பு உருவாகும். உள்தள்ளலுக்கு டேப் விசையின் எழுத்தைத் தவிர்த்து வெற்றிடங்களையே பயன்படுத்துங்கள். வரிகள் எந்த நெடுவரிசையில் தொடங்குகின்றன என்பது இம்மொழியில் பொருளையே மாற்றும்.

தொகுப்புகளும் உரைத்தொகுப்பியும்

பிறர் எழுதிய நூலகங்கள் ஹேக்கேஜ் என்ற களஞ்சியத்தில் இருக்கின்றன. அவற்றைக் கொண்டுவரும் கருவியான கபால் ஜிஎச்சிஅப்போடு சேர்ந்தே வந்திருக்கும். ‘கபால் அப்டேட்’ என்று ஒருமுறை கொடுத்துப் பட்டியலைப் பெறுங்கள். பிறகு ஒவ்வொரு வேலைக்கும் தனிக் கோப்புறை உருவாக்கி, அதற்குள் ‘கபால் இனிட்’ கொடுத்து, தேவையான நூலகங்களை அங்கே உருவாகும் கபால் கோப்பில் குறிப்பிட்டு, ‘கபால் ரன்’ கொண்டு இயக்குங்கள். நூலகங்களைக் கணினி முழுமைக்கும் பொதுவாக நிறுவச் சொல்லும் பழைய குறிப்புகளைப் பின்பற்ற வேண்டாம். முன்னே சொன்ன தாம்பரத்துச் சிக்கல் வேறு உருவில் மீண்டும் வந்து நிற்கும்.

விஎஸ் கோட் என்ற உரைத்தொகுப்பியைப் பயன்படுத்துவோர் அதில் ஹாஸ்கெல் என்ற பெயருள்ள நீட்சியைச் சேர்த்துக்கொள்ளலாம். மொழிச் சேவையகத்தை எப்படிப் பெறுவது என்று நீட்சி கேட்டால், ஜிஎச்சிஅப் வழியே என்று தேர்ந்தெடுங்கள். தனிக் கோப்பைத் திறக்காமல் கபால் கோப்பு இருக்கும் கோப்புறையையே திறந்தால்தான் சேவையகம் நூலகங்களை அறியும். முதல்முறை அது எழுந்துவரச் சற்று நேரம் ஆகும்.

சில மாதங்கள் கழித்துப் புதிய பதிப்பு பரிந்துரைக்கப்படும்போது, பழையதை உடனே நீக்காமல் புதியதை அருகில் நிறுவி, உங்கள் நிரல்கள் அதில் ஓடுகின்றனவா என்று பாருங்கள். ஓடினால், பழைய பதிப்பை டியுஐ பட்டியலில் யு விசையால் நீக்கி வட்டிடத்தை மீட்கலாம். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்க நேர்ந்தால், ‘ஜிஎச்சிஅப் நியூக்’ என்ற கட்டளை அது நிறுவிய அனைத்தையும் நீக்கிவிடும். நீங்கள் எழுதிய நிரல்களை ஜிஎச்சிஅப் கோப்புறைக்குள் வைக்காமல் எப்போதும் தனி இடத்தில் வைத்திருங்கள்.